இரண்டு அஞ்சும் திட்டக்குடி வேனும்

இஸ்பேட் அஞ்சு, டைமன் அஞ்சு. பழைய கம்ப்யூட்டர் திரையில் அந்த இரண்டு சீட்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் பிறப்பதற்கு முன்பு, விருத்தாசலத்தில் கரண்டு போர்டில் மாட்டும் பீங்கான் பீஸ் கேரியர் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் நான் பில் போடும் வேலையில் இருந்தேன். மதியம் முதலாளி சாப்பிட வீட்டுக்குப் போனதும் இன்டர்நெட்டில் காசு வைத்துப் போக்கர் சீட்டு ஆடுவேன். இருப்பதிலேயே சின்ன மேசை. தோற்றால் ஒரு டீயும் பன்னும் போகும், அவ்வளவுதான்.

அந்த ஆட்டத்தில் கையில் இரண்டு சீட்டு வரும். பிறகு எல்லோருக்கும் பொதுவாக நடுவில் மூன்றைத் திறப்பார்கள். சின்ன ஜோடி வந்தால் குறைந்த காசில் உள்ளே போய் அந்த மூன்றைப் பார்க்க வேண்டும். அதில் இன்னொரு அஞ்சு இல்லையென்றால் சீட்டைக் கீழே போட்டு விலகிவிட வேண்டும். எட்டுத் தடவைக்கு ஒரு தடவைதான் வரும். இது எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு வந்தது ராஜா, ராணி, ஏழு. ஆனாலும் கைக்கு வந்த ஜோடியை விட மனசு வரவில்லை. எதிராளி பந்தயத்தை ஏற்ற ஏற்ற நானும் காசு கட்டிக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் சரக்கைப் பெட்டியில் அடுக்கும் பேக்கிங் அக்கா வாசலில் வந்து நின்றார். "திட்டக்குடி வேனுக்கு சின்னது இருபது பொட்டி, பெருசு பத்து. எழுதிக்க தம்பி."

திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், சரக்கோடு போகும் சலானை அடித்துக் கொடுத்தேன்.

"என்னா தம்பி, கம்ப்யூட்டர் பொட்டிக்குள்ள பொண்ணு பாக்குறியா?" என்று சிரித்துவிட்டுப் போனார். எதிராளியிடம் ராணி ஜோடி இருந்தது. தோற்றேன்.

சலானும் சரக்கும் ஒத்துப்போகவில்லை என்று கடையில் எடுக்காததால், நாலு மணிக்கு வேன் சரக்கோடு திரும்பி வந்தது. பெரியது இருபது, சின்னது பத்து என்று மாற்றி அடித்திருந்தேன். முதலாளி எல்லோர் முன்னாலும் அக்காவைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, எண்ணிச் சொல்லத் தெரியாதவள வெச்சிகிட்டு நான் என்னா பண்றது? நாளையிலேர்ந்து வராத."

"நான் சரியாத்தாங்க சொன்னேன்" என்ற அக்கா என்னைப் பார்த்தார். நான் வேனைப் பார்த்தேன்.

அவர் வீட்டில் இரண்டு பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் சம்பளத்தில்தான் அடுப்பு எரியும். அதுவும் எனக்குத் தெரியும். சொன்னால் என் வேலை போய்விடும். கொஞ்சம் பொறுத்தால் முதலாளிக்குக் கோபம் ஆறிவிடாதா என்று நினைத்து நின்றேன். அக்கா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு சூளையைத் தாண்டி நடந்தார். அவர் கேட்டில் கை வைத்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"மொதலாளி, அக்கா சரியாத்தான் சொன்னாங்க. நான்தான் சீட்டாடிகிட்டே அடிச்சேன்."

"அவள உள்ள கூப்புடு. நீ கெளம்பு" என்றார்.

ஓடிப்போய்க் கூப்பிட்டேன். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அக்கா சொன்னார்: "இதச் சொல்ல இவ்ளோ நேரமா தம்பி? வூட்டுல என்னா சொல்றதுன்னு யோசிச்சிகிட்டே கேட்டு வாசல் வரைக்கும் வந்துட்டேன்."

அவர் உள்ளே போனார். நான் வெளியே வந்தேன். அந்தக் கம்பெனியை ஏன் விட்டீங்க என்று நீங்கள் கேட்டபோதெல்லாம், சம்பளம் போதவில்லை என்று சொல்லியிருக்கிறேன். அது பொய்.