காப்பித் தோல் கூழும் குரங்கணி முறமும்

குரங்கணிக்குப் போகிறேன், என்ன பார்க்கலாம் என்று கேட்டு நிறையப் பேர் எழுதுகிறீர்கள். நான் முதன்முதலில் அங்கே போனது மலை பார்க்க அல்ல, குப்பை பார்க்க. எண்பதுகளின் தொடக்கம், தை மாதம். மதுரையில் வேதியியல் ஆய்வு மாணவியாக இருந்தேன். காஸ்டிக் சோடா, குளோரின் எதுவும் இல்லாமல் பழக்கழிவிலிருந்து நார்க்கூழ் எடுக்க முடியுமா என்பதுதான் என் ஆய்வு.

மதுரையிலிருந்து போடிக்கு பஸ். அங்கிருந்து குரங்கணி பதினாறு கிலோமீட்டர், ஜீப்பில் ஆளுக்கு ஐந்து ரூபாய். "மூடை மேல உக்காந்துக்கங்கத்தா, ஏலக்கா வாசத்துக்குத் தனியாக் காசு கேக்க மாட்டேன்" என்றார் டிரைவர் அண்ணன். மூட்டைமேல் சாய்ந்ததும் கண் செருகியது. விழித்தபோது மலையைக் காணவில்லை, மூடுபனிதான் இருந்தது. இன்னும் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறேனோ என்று சந்தேகமாக இருந்தது.

என்னை வரச்சொன்னவர் பேச்சியம்மாள் அக்கா, என் தோழியின் அண்ணி. காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் மிஷின் வைத்திருந்தார். உரித்த தோலெல்லாம் ஓடையில் போய் அழுகி, ஓடையின் கீழ்ப்பக்கம் இருந்தவர்கள் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வழி காட்டு, இல்லாவிட்டால் மிஷினைக் கழற்று என்று சொல்லிவிட்டார்கள்.

"மிசினு போச்சுன்னா தோட்டத்த வித்துட்டுப் போக வேண்டியதுதான். உன் படிப்பத்தான் நம்பிருக்கேன்" என்றார் அக்கா. என் படிப்பை நானே அவ்வளவு நம்பியதில்லை.

ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் அடுப்பு அணையாமல் எரியும், சாம்பலுக்குப் பஞ்சமில்லை. சாம்பல் கரைத்த தண்ணீரில் தோலை வேகவைத்தோம். வடிந்த கறுப்புத் தண்ணீரை ஓடைப் பக்கமே விடாமல் குழி வெட்டி ஊற்றினோம். வெந்ததை அலசி, பாறைமேல் பரப்பி வெயிலில் வெளுத்து, ஆட்டுக்கல்லில் போட்டுத் திரும்பத் திரும்ப ஆட்டினோம். கை கழன்று விழும்போல் இருந்தபோது வெள்ளையாக, வழவழவென்று ஒரு கூழ் திரண்டது. இன்று இதை நானோ செல்லுலோஸ் என்கிறார்கள். நாங்கள் கூழ் என்றுதான் சொன்னோம்.

வந்து பார்ப்பவர்களுக்குக் காட்ட அதைத் தாள்களாகப் பரப்பினோம். அதற்குள் பனி இறங்கிவிட, அவை காயவில்லை. அதனால் ஸ்டோருக்குள், ஏலக்காய்த் தட்டுகளுக்கு நடுவே வைத்தோம்.

அங்கேதான் வினை. காய்ந்த ஏலக்காயைச் சூடு ஆறுமுன் கம்பி வலையில் தேய்த்துக் காம்பு நீக்குவார்கள். ஸ்டோர் வேலைக்காரர் முத்தையா அண்ணன் விடியற்காலை அரை இருட்டில் எல்லாத் தட்டையும் இறக்கி, ஏலக்காயோடு என் தாள்களையும் சேர்த்துத் தேய்த்துத் தள்ளிவிட்டார். வலைக்குக் கீழே வெள்ளைத் தூளாகக் கிடந்தது.

"ஸ்டோர்ல இருந்து சூடா வந்தா தேய்க்கிறதுதானத்தா நம்ம சோலி" என்றார் பாவமாக. விடிந்தால் வெள்ளிக்கிழமை என்று இருந்தது போய், வெள்ளிக்கிழமையே விடிந்துவிட்டிருந்தது. நான் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அக்கா தூளை அள்ளி, மிச்சக் கூழில் ஊறவைத்து, வெந்தயத்தோடு அரைத்தார். வீட்டில் கிழிந்த காகிதத்தை அப்படி அரைத்து, இடுக்கு அடைய முறத்துக்கு மெழுகுவது வழக்கம். "வெரசா அந்த முறத்தக் கொண்டா" என்றார். இரண்டு பக்கமும் மெழுகி, அதே ஸ்டோரில் காயவைத்தோம். இந்தத் தடவை வாசலில் நானே காவல்.

சாயங்காலம் கீழேயிருந்து ஒரு பெரியவர் நாலு பேரோடு வந்தார். அக்கா முறத்தை நீட்டினார். "இதென்ன, மெழுகின முறந்தானே" என்றார் அவர். அக்கா ஒரு செம்புத் தண்ணீரை அதில் ஊற்றினார். பெரியவர் முறத்தைத் தலைக்குமேல் தூக்கி அடியில் பார்த்தார். தடவியும் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

"இது காப்பித் தோலா?"

"நீங்க நாத்தம்னு சொன்ன அதே தோலுதான் அண்ணே."

அவர் தண்ணீரைச் செடியில் கொட்டினார். "மிசினு ஓடட்டும் ஆத்தா. தோலு மட்டும் ஓடையில எறங்கக் கூடாது."

போகிறவர்களுக்கு: போடியில் காலையிலேயே ஜீப் பிடித்துவிடுங்கள், மத்தியானத்துக்குமேல் ஆள் சேராது. கம்பளி அவசியம், மழைக்காலமென்றால் அட்டைக்கு உப்புப் பொட்டலமும். ஏறுமுன் ஓடையில் இறங்கித் தண்ணீரை ஒரு கை அள்ளி முகர்ந்து பாருங்கள். ஒரு வாடையும் இருக்காது. நான் ஒவ்வொரு தடவையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.