காத்திருப்பு அறையின் வாசல்

தோட்டத்தில் போட வாங்கிய பழைய ரயில் தண்டவாளக் கட்டையின் தார் வாடை, எழுபதுகளில் ஆய்வுக்கூடத்திலிருந்து அப்பா ரயிலில் திரும்பும்வரை அம்மாவும் நானும் தினமும் உட்கார்ந்திருந்த சின்ன ஜெர்மன் ஸ்டேஷனுக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது: சிவப்புச் செங்கல், இரும்புத் தூண்கள், வளைந்த ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடி, நடுவில் கரியடுப்பின் சூடு. எங்கள் ஊர் சர்ச் போலிருந்ததால் முதல் நாள் காத்திருப்பு அறை வாசலில் ஷூவைக் கழற்றிய அம்மா, பிறகும் கழற்றிக்கொண்டேதான் இருந்தாள். அந்த ஊரில் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

பிறகு அந்த ரயில்பாதையை மூடினார்கள். அப்பா பஸ்ஸில் வந்து வீட்டெதிரிலேயே இறங்கினார். அன்றும் அம்மா என் கோட்டுக்குப் பொத்தான் போட்டுவிட்டாள்.

"அப்பாதான் வந்துட்டாரேம்மா."

"தெரியும். வா."

ஸ்டேஷனில் காத்திருப்பு அறை பூட்டியிருந்தது. அம்மா ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள். நானும் கழற்றினேன். வாசலிலேயே நின்று, குளிரில் கால் மரத்துப்போன பிறகு வீட்டுக்கு வந்தோம்.