அக்காவின் ஏழு அங்குலத் திரையும் கீழவைப்பார் பேருந்தும்

பிப்ரவரி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. பள்ளியில் திருப்புதல் தேர்வு விடைத்தாள்களைத் திருத்தி முடித்துச் சாய்ந்திருந்தேன். அக்கா போன் செய்து, "நாளைக்குத் தூத்துக்குடி போவோமாடி? முத்துக் குளிச்ச கடற்கரையெல்லாம் பாத்துட்டு வருவோம்" என்றாள். கடற்காற்று பட்டால் தலைமுடி பிசுபிசுக்கும் என்று ராமேஸ்வரத்துக்கே வர மறுத்தவள் அவள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஊர் சுற்றி எழுதுகிறவளை யாராவது கூப்பிட்டால் காரணம் கேட்கத் தோன்றாது.

அக்கா திலகவதிக்கு ஐம்பத்து மூன்று வயது. மதுரையில் ஒரு மருத்துவமனையில் தலைமைச் செவிலி. அத்தான் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒரே மகள் பவித்ரா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். நான் தேவி, அக்காவைவிட ஆறு வயது இளையவள், கணக்கு ஆசிரியை.

இந்தப் பயணத்தில் எங்களோடு வந்த மூன்றாவது ஆள் அக்காவின் போன். ஏறக்குறைய ஏழு அங்குலத் திரை. வெள்ளெழுத்து வந்து ஐந்து வருடமாகியும் கண்ணாடி போட மாட்டேன் என்று அடம்பிடித்து, அதற்குப் பதிலாக வாங்கியது. கண்ணாடி இரண்டாயிரம், போன் முப்பத்தெட்டாயிரம். எழுத்தின் அளவை அதற்கு மேல் போகாது என்று போனே கைவிரிக்கும் வரை ஏற்றி வைத்திருக்கிறாள். ஒரு திரைக்கு நான்கு சொல்தான் நிற்கும். கைப்பைக்குள் அது அடங்காததால் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டுதான் நடப்பாள். இது போக மணிக்கட்டில் ஒரு கடிகாரம், காதில் இரண்டு குமிழ்கள், அரைக் கிலோ எடையில் ஒரு பவர் பேங்க், போனில் சொருகினால் சுற்றுகிற ஒரு குட்டி விசிறி.

மாட்டுத்தாவணியில் காலை ஆறேகாலுக்குப் பேருந்து. ஒருவருக்கு நூற்று ஐம்பத்தைந்து ரூபாய். எட்டயபுரம் தாண்டியதும் அக்காவின் கடிகாரம், "நீண்ட நேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், எழுந்து நில்லுங்கள்" என்றது. அக்கா கீழ்ப்படிந்து எழுந்து நின்றாள். இறங்கப்போகிறாள் என்று நினைத்து நடத்துநர் விசில் ஊத, நெடுஞ்சாலையில் ஆளில்லாத இடத்தில் பேருந்து நின்றது. "இறங்கலையாம்மா?" என்றார். "இல்ல தம்பி, வாட்ச் சொல்லுச்சு" என்று அக்கா உட்கார்ந்துகொண்டாள். அவர் மறுபடியும் விசில் ஊதினார்.

ஒன்பது நாற்பதுக்குத் தூத்துக்குடி. பழைய பேருந்து நிலையத்துக்கு அருகில் அறை எடுத்தோம், இருவருக்கு ஆயிரத்து நானூறு. சுத்தமான அறைதான், ஆனால் சார்ஜ் போட ஒரே ஒரு பிளக். அக்காவின் பொருட்கள் வரிசையில் நின்றன, என் போன் கடைசி.

மாலையில் உப்பளம் பார்க்கப் போனோம். போக வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து ஆட்டோவுக்கு இருநூற்று ஐம்பது. நீங்கள் போனால் நாலரைக்கு மேல் போங்கள். நாங்கள் மூன்று மணிக்கே போய்விட்டோம். தரையெல்லாம் வெள்ளை, கண்ணைத் திறக்க முடியவில்லை. அக்கா நான்கு படம்கூட எடுத்திருக்க மாட்டாள், போன் சூடேறி, ஆறும்வரை எதுவும் செய்ய மாட்டேன் என்று எழுதிக் காட்டிவிட்டு இருண்டுவிட்டது. அவள் பதறிப்போய்க் குடையைப் போனுக்குப் பிடித்தாள். குட்டி விசிறியைப் பவர் பேங்கில் சொருகி அதற்கு விசிறவும் செய்தாள். உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு பெண் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"யக்கா, குடைய அதுக்குப் பிடிச்சிட்டு நீங்க வெயில்ல நிக்கியளே!"

"மயங்கிருச்சும்மா" என்றாள் அக்கா, மருத்துவமனைக் குரலில்.

ஞாயிறு காலை ஏழு பத்துக்குக் கீழவைப்பார் பேருந்தைப் பிடித்தோம். டிக்கெட் முப்பத்திரண்டு ரூபாய். தூரம் முப்பத்து நான்கு கிலோமீட்டர் என்றது போன். அக்காவின் கடிகாரம், நீங்கள் ஆயிரத்து இருநூறு காலடி நடந்துவிட்டீர்கள் என்று பாராட்டியது. பேருந்து அவ்வளவு குலுங்கியது. வலப்பக்கம் அவ்வப்போது கடல் தெரிந்தது, இடப்பக்கம் உடைமரங்கள். நான் ஜன்னலோரம், அக்கா நடைபாதையோரம்.

தருவைகுளம் தாண்டியதும் அக்காவின் போன் 'டிங்' என்றது. வெள்ளெழுத்துக்காரர்கள் எல்லோரையும் போலக் கையை முழுதாக நீட்டிப் போனைப் பிடித்தாள். நடைபாதைக்கு நடுவில் ஏழு அங்குலத் திரை, முழுப் பிரகாசத்தில். காதில் குமிழ்களும் இருந்ததால் அவளுக்கு வெளியுலகம் பாதிதான் கேட்டிருக்கும். அனுப்பியவர் பெயர் 'ராயப்பன் ஜிபிஎஸ்'.

எங்களுக்குப் பின் சீட்டில், அண்ணன் வீட்டு ஞானஸ்நானத்துக்குப் போகிற ரோஸ்லின் என்ற பெண் உட்கார்ந்திருந்தார். பெயரும் விவரமும் பிறகு தெரிந்தவை. முதலில் அவருடைய குரல்தான் எனக்குத் தெரிந்தது. பள்ளிப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார்.

"திலகம்... உங்கள் தங்கச்சியிடம்... நம்ம கல்யாண..."

திரை அதோடு முடிந்துவிட்டது.

"யக்கா, கொஞ்சம் மேல தள்ளுங்க. மிச்சம் தெரியல."

சொன்னது யார் என்றுகூட அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. யோசனையிலேயே விரலால் தள்ளிக்கொண்டே போனாள்.

"...பேச்சைச் சொல்லிவிட்டீர்களா? சொல்லாமல் கூட்டி... வந்தால் எனக்குச் சங்கடம். அவர்களை... ஏமாற்றி ஒரு சம்மதம்... வேண்டாம்." ரோஸ்லின் மூச்சு விட்டார். "நல்ல மனுசன்தான்."

எதிர் வரிசையில் மஞ்சள் பையோடு இருந்த பெரியவர் திரும்பினார். "ஏளா ரோஸ்லினு, அடுத்தவிய போன எதுக்குப் படிக்க?"

"நா எங்க அண்ணாச்சி படிச்சேன்? அதுவா கண்ணுல வந்து விழுது. எழுத்து ஒவ்வொண்ணும் தோசக்கல்லு மாதிரியில்லா இருக்கு!"

அப்போதுதான் அக்கா காதிலிருந்து குமிழ்களை எடுத்தாள். முகம் செத்துவிட்டது. போனைக் குப்புற மடியில் போட்டாள். ஆனால் பேருந்து அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டிருந்தது.

"தங்கச்சி யாரு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அச்சில் வார்த்தது போல ஒரே ஜாடை எங்கள் இருவருக்கும்.

நடத்துநர் டிக்கெட் கட்டை மூடி வைத்துவிட்டு, "அப்ப ஒங்களுக்கு இப்பத்தான் தெரியுமா?" என்றார், துக்கம் விசாரிக்கிற மாதிரி.

"ராயப்பன்னா யாரு, நம்ம ஜிபிஎஸ் ரிப்பேரு ராயப்பனா?" என்றார் மஞ்சள் பை அண்ணாச்சி. "பொஞ்சாதி போயி ஏழெட்டு வருசம் இருக்குமே. தங்கமான ஆளு."

"குடி கெடையாது" என்றார் நடத்துநர்.

"பேச்சு மட்டும் கொஞ்சம் கூட" என்றார் ரோஸ்லின். "ஒரு பேட்டரி மாத்தக் குடுத்தா ஒரு மணி நேரம் வெளக்கம் சொல்லுவாரு."

மாப்பிள்ளை பற்றி ஊரில் விசாரிக்க மக்கள் எவ்வளவோ அலைவார்கள். எங்களுக்குப் பத்து நிமிடத்தில் பேருந்துக்குள்ளேயே முடிந்துவிட்டது. நான் மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்தது கோபம் என்றுதான் அப்போது நினைத்தேன். அத்தான் போன நாளிலிருந்து அக்காவின் காய்ச்சல், கடன், பவித்ராவின் கல்லூரிச் சேர்க்கை எல்லாம் எனக்குத்தான் முதலில் தெரியும். இது மட்டும் முப்பது பேரோடு சேர்ந்து தெரிய வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து அக்காவின் கடிகாரம் வாய் திறந்தது. "உங்கள் இதயத் துடிப்பு அதிகமாக உள்ளது. ஒரு நிமிடம் மெதுவாக மூச்சு விடுங்கள்."

"விடுங்க யக்கா, ஒண்ணும் ஆவாது" என்றார் ரோஸ்லின்.

எட்டரைக்கு இறங்கினோம். ரோஸ்லின் ராயப்பனின் வீட்டுக்கு வழி சொல்ல வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மேப் இருக்கு" என்றேன். அந்த மேப் எங்களைப் பத்து நிமிடம் நடக்கவைத்து ஓர் உடைமரக் காட்டின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தி, நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று அறிவித்தது. சுற்றிலும் முள். கொஞ்சம் தள்ளி இரண்டு ஆடுகள். இனி பேசாமல் முடியாது.

"எப்பருந்துக்கா?"

"ஒன்றரை வருசம்." அக்கா செருப்பிலிருந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டே சொன்னாள். "போன் கோளாறுக்கு யோசனை சொல்ற ஒரு குரூப் இருக்கு. எழுத்த இன்னும் பெருசாக்க வழி உண்டான்னு கேட்டேன். அத்தன பேரும் கிண்டலா பொம்மை போட்டாங்க. அவரு மட்டும்தான் ஒழுங்கா பதில் சொன்னாரு. அப்புறம் தெனமும் பேச ஆரம்பிச்சோம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ சிரிப்பேன்னு நெனச்சேன்."

"சிரிச்சிருப்பேன்தான். சிரிச்சிட்டுக் கூட வந்திருப்பேன்ல?"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். "இப்ப அங்க போயி சண்ட போடாதடி. பதில் சொல்றேன்னு வந்திருக்கேன். இன்னும் என்ன சொல்றதுன்னு எனக்கே தெரியல" என்றாள். ஒன்பது வருடமாகத் தனியாக எல்லாவற்றையும் முடிவு செய்தவள் ஆடுகளுக்கு முன்னால் நின்று அதைச் சொன்னதும், என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. வந்த வழியே திரும்பி, ரோஸ்லினைத் தேடிப் பிடித்து வழி கேட்டோம். அவர் காத்துக்கொண்டுதான் இருந்தார்.

ராயப்பனின் வீட்டு முன்கூடம் முழுக்கப் படகுகளின் ஜிபிஎஸ் கருவிகள், மீன்கூட்டம் காட்டும் கருவிகள், வயர்லெஸ் செட்டுகள், எல்லாம் வயிறு திறந்து கிடந்தன. தூத்துக்குடியில் கடை, ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்துவிடுவாராம். ஐம்பத்தாறு வயது, ஒல்லி. சட்டைப் பொத்தான்களை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். அக்காவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"வாங்க தங்கச்சி. அவிய ஒங்ககிட்ட சொல்லிட்டாவளா?"

"பஸ்ஸே சொல்லிருச்சு" என்றேன். நடந்ததைச் சொன்னதும் அவர் முகம் காது வரை சிவந்தது. உடனே அக்காவின் போனை வாங்கி, வருகிற செய்தி பூட்டிய திரையில் தெரியாமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தார். ரோஸ்லின் சொன்னது பொய்யில்லை. பதினைந்து நிமிடம் ஆனது.

கடற்கரைக்கு அழைத்துப்போனார். முத்துக்குளிப்பு நின்றுபோய்ப் பல காலம் ஆகிவிட்டது, இப்போது சங்குக்குத்தான் முங்குகிறார்கள். கரையேற்றிய வள்ளங்களின் நிழலில் உட்கார்ந்தோம், ஒரு வள்ளத்தின் இயந்திரத்தில் உரசி என் முழங்காலில் கிரீஸ் ஒட்டியது. சுற்றி வளைக்காமல் நானே கேட்டேன், கல்யாணம் சர்ச்சிலா கோயிலிலா என்று.

"நா சர்ச்சுக்குப் போவேன். அவிய கோயிலுக்குப் போவட்டும். பதிவு ஆபிசுக்கு ரெண்டு பேரும் சேந்து போவோம்."

அக்கா மணலைக் கிளறிக்கொண்டே, "பவித்ரா சரின்னு சொல்லணும். அவ வேண்டாம்னா நான் இப்பவே பஸ் ஏறிருவேன்" என்றாள். ராயப்பன் மறுத்துப் பேசவில்லை. "அதுதான் மொற" என்று மட்டும் சொன்னார்.

அங்கேயே வீடியோ அழைப்பு போட்டாள். ஏழு அங்குலத்திலும் பவித்ரா, தூக்கக் கலக்கத்தோடு. அக்கா போனை என் பக்கம் திருப்பினாள். நான்தான் மூன்று வாக்கியத்தில் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து அக்கா போனை ஆட்டினாள்.

"அம்மா, ஆட்டாத. இருக்கேன்." பவித்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவரக் காட்டு."

ராயப்பன் திரைக்கு முன் விறைப்பாக உட்கார்ந்தார், பாஸ்போர்ட் படம் எடுக்கிற மாதிரி.

"அங்கிள், நீங்க ரிப்பேர் பண்றவர்னு சித்தி சொன்னாங்க. அம்மாவுக்குக் கோபம் வந்தா என்ன செய்வீங்க? ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவீங்களா?"

"இல்ல தாயி" என்றார் அவர், சிரிக்காமல். "என்ன கோளாறுன்னு மொதல்ல கேப்பேன். கேக்காம கழத்துனா எந்த செட்டும் சரியாவாது."

"எனக்குச் சரிதான்" என்று பவித்ரா தலையாட்டினாள். பிறகு, "அம்மா, நீ என்ன சொல்றே?" என்றாள். அக்கா எங்கள் யாரையும் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு, "எனக்குச் சம்மதம்" என்றாள். ராயப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வெறும் காற்றுதான் வந்தது. பேச்சு கொஞ்சம் கூட என்று பேர் வாங்கியவர் அதற்குப் பிறகு ஒரு கால் மணி நேரம் பேசவே இல்லை. மதியம் அவர் சமைத்த நண்டுக் குழம்பு. காரம் கூடுதல், ஆனால் நான் இரண்டு முறை சோறு வாங்கினேன்.

மே மாதம் தூத்துக்குடியிலேயே பதிவுத் திருமணம் முடிந்தது. சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தூத்துக்குடியிலிருந்து கீழவைப்பாருக்குப் பேருந்து குறைவு. திரும்பும் நேரத்தை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் மூன்றரைக்கு வந்ததைப் பிடித்தோம், ஒரு மணி இருபது நிமிடம் ஆனது. தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். கடற்கரையில் கடை கிடையாது. ஊருக்குள் மேப்பை நம்பாமல் ஆளைக் கேளுங்கள். செலவு இருவருக்குமாக, சாப்பாடு சேர்த்து, இரண்டு நாளுக்கு மூவாயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்தது.

இன்னொன்று. உங்களைக் கூட அழைத்துப்போகிறவர் எதற்காகப் போகிறார் என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கேட்டிருந்தால் நானும் ஒரு நல்ல சேலை எடுத்துப் போயிருப்பேன். அக்காவுக்கு நிச்சயமான அன்று எடுத்த படங்கள் அத்தனையிலும் நான், முழங்காலில் கிரீஸ் கறையோடு, ஒரு பழைய சுடிதாரில் நிற்கிறேன். பவித்ரா அதில் ஒன்றைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அனுப்பியிருக்கிறாள்.