தொட்டியில் கிடந்த ஆறு கட்டிகள்

அம்மா கலவை போட்டால் மலைகள் வரிசையில் நின்று, "எங்களுக்கும் கொஞ்சம் பூசிவிடு தாயே" என்று கெஞ்சும். பூகம்பம் அந்தப் பக்கம் வந்தால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும். மகள் ஊரெல்லாம் இப்படித்தான் அளந்துவிடுவாள். பத்தாம் வகுப்பில் இரண்டு பாடத்தைக் கோட்டைவிட்டவள். அளப்பதில் மட்டும் நூற்றுக்கு நூறு.

அம்மா, கான்கிரீட் பலகை வார்க்கும் பட்டறையில் பத்தொன்பது வருடமாகக் கலவைக்காரி. ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் நசுக்குவாள். ரேகை பதிந்தால் சரி, விரலிடுக்கில் ஒழுகினால் தண்ணீர் ஊற்றியவன் தொலைந்தான். மணல் லாரி வருவது அருகிப்போனதும், சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கை எரிந்த சாம்பலை மூட்டை மூட்டையாக வரவழைத்தவளும் அவள்தான். முகத்தில் துணி கட்டிச் சலிப்பாள். பத்துச் சட்டி மணலில் ஒன்றைக் குறைத்து, அந்த இடத்தில் ஒரு சட்டி சாம்பல். சாம்பல் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்கும். அதற்குத் தனியாக ஒரு குவளை. வீடு திரும்பும்போது இமை நரைத்திருக்கும்.

முதலாளிக்கு நம்பிக்கை வரவில்லை.

"அக்கா, வெறும் மணல்ல மூணு கட்டி, சாம்பல் போட்டு மூணு கட்டி வார்த்து வைங்க. இருபத்தெட்டு நாள் தண்ணியில கெடக்கட்டும், அப்புறம் மெஷின்ல நசுக்கிப் பார்ப்போம். சாம்பல் தோத்துச்சுன்னா பட்டறைய மூடிட வேண்டியதுதான். வர்ற மணலை வச்சு நான் எத்தனை நாள் ஓட்டுறது?"

தொட்டியில் இடப்பக்கம் மணல், வலப்பக்கம் சாம்பல். நனைந்தபின் ஆறும் ஒரே நிறம்.

இருபத்தெட்டாம் நாள் மதியம் சாப்பாட்டோடு வந்த மகள், தொட்டியருகே ஆளில்லாததைக் கண்டாள். சாம்பலாவது, நிற்பதாவது! தோற்கிற பழி மணலுக்கே போகட்டும் என்று ஆறு கட்டிகளையும் பக்கம் மாற்றிவைத்தாள். ஒவ்வொன்றும் எட்டு கிலோ. இடுப்பு கழன்றுவிட்டது. முகத்தில் மட்டும் பால் வடிந்தது.

நசுக்கும் மெஷினில் இடப்பக்கக் கட்டிகள் ஏறின. மூன்றுமே அழுத்தம் காட்டும் முள்ளை அறுநூற்று எழுபது வரை துரத்திவிட்டுத்தான் வெடித்தன. வலப்பக்கத்தவை அறுநூறைத் தாண்டவே முக்கின.

முதலாளி முகம் தொங்கிப்போனது. "அக்கா... சாம்பல் தோத்துருச்சு."

மகளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஜெயித்ததே சாம்பல்தான். அதைத் தோற்கடித்தது அவள் கை! சொல்ல வாயெடுத்தவள், சாப்பாட்டுத் தூக்கின் மூடியைத் திறந்து மூடினாள்.

அம்மா உடைந்த துண்டுகளைப் புரட்டினாள். புருவம் ஏறியது.

"தம்பி, இங்க வாங்க. தோத்துச்சுன்னு சொன்னீங்களே, உள்ள வெளுத்துக் கெடக்கு பாருங்க. இது மணல். இந்தா, கரிக் கறுப்பு. இதுதான் சாம்பல்."

"என்னக்கா சொல்றீங்க!" அவர் அப்படியே குந்திவிட்டார். துண்டை விரலால் தேய்த்தார், முகர்ந்தார், திரும்பவும் தேய்த்தார். "அப்போ இந்த எழுநூறுக்குக் கிட்ட போனது..."

"சாம்பல்தான். பக்கம் மாறிக் கெடந்திருக்கு."

அவர் ஆலைக்கு போன் போட வெளியே ஓடினார்.

அம்மா சிரிக்கவில்லை. மகளின் சிராய்த்த விரல்களையே பார்த்தாள்.

"எலி உருட்டியிருக்கும்மா."

"எட்டு கிலோ கட்டியவா?"

"நல்லா சாப்பிட்ட எலி."

அம்மா கையிலிருந்த துண்டை மெதுவாகக் கீழே வைத்தாள். குரல் உயரவே இல்லை.

"என் கலவை தோத்துடும்னு நீயே நெனச்சுட்டியாடி?"