பாட்டிலில் வந்த பெட்ரோல்

விடியற்காலையின் சாம்பல் வெளிச்சத்தில், செஞ்சி சாலையோரப் பெட்டிக்கடை முன் நின்ற காருக்குள் ஒரு தண்ணீர் பாட்டிலிலிருந்து பெட்ரோல் இறங்கிய களகள ஓசை இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. பின்சீட்டில் என் மகள் அவள் அம்மாவின் மடியில் தலைவைத்து, பிரசவ வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பெட்ரோலை ஊற்றியவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். அவர் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அவர் பங்குக்கும் சேர்த்து நான் பதறிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டியது. பௌர்ணமி என்றால் தடுப்பு போட்டுவிடுவார்கள். கூட்டத்தைத் தாண்டி வண்டி வெளியேற முடியாது. அதனால் எங்கள் பக்கத்தில் நிறைமாதக் கர்ப்பிணி இருக்கும் வீட்டார் முந்தின நாளே அவளை வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவது வழக்கம். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகளை நாங்களும் கீழ்பென்னாத்தூருக்கு, மச்சான் வீட்டுக்கு அழைத்துப் போனோம். வயிற்றில் குழந்தை தலை மாறி இருக்கிறது, வலி கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள் என்று புதுச்சேரி டாக்டர் சொல்லியிருந்தார்.

போனது என் மின்சாரக் காரில். மகள் ஆசைப்பட்டு வாங்கவைத்த வண்டி அது. சத்தமே இல்லாமல், ஏரித் தண்ணீரில் மிதப்பதுபோல் போகும். மச்சானுக்கு அதைக் கண்டாலே சிரிப்பு. “இது வண்டியா, பெரிய சைஸ் செல்போனா மாப்ளே?” என்பார். ஆனாலும் அன்று உபசாரமாக அவரே அதை வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லையின் மோட்டார் கொட்டகைக்குள் விடச் சொன்னார். வீட்டு வயர் பழசு, தாங்காது என்றார். சார்ஜரைச் செருகியதும் பச்சை விளக்கு மினுக்கியது. எல்லோரும் பார்த்தோம், திருப்தியாகப் படுத்தோம்.

கொல்லை மோட்டாருக்கு மின்சாரம் முறைவைத்துத்தான் வரும். வந்தால் மோட்டார் தானாக ஓடும், போனால் தானாக நிற்கும். எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று யோசிப்பதையே அந்த வீட்டார் விட்டு வெகுகாலமாகிவிட்டது. மகளுக்கு வலி எடுத்து நான் கொட்டகைக்கு ஓடியபோது பச்சை விளக்கு எரியவில்லை, மின்சாரம் இரவிலேயே போயிருந்தது. வண்டியில் இருந்த சார்ஜ் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு என்ன, வழியில் உள்ள திண்டிவனம்வரைகூட வராது.

மச்சானின் பழைய பெட்ரோல் காரில் ஏறினோம். அதிலும் முள் அடியில் படுத்திருந்தது. ஊர் எல்லையில் பெட்ரோல் பங்க் வாசலில் கயிறு கட்டியிருந்தது, உள்ளே ஆளில்லை. ரொப்பி வைக்கக் கூடாதா என்று கேட்டேன்.

“ரொப்பி வச்சி என்னா பண்றது மாப்ளே? வழியெல்லாம்தான் கிடைக்குதே” என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

சற்றுத் தூரத்தில் அந்தப் பெட்டிக்கடை. வாழைத்தார் தொங்கிய கயிற்றுக்குக் கீழே, வெல்லம் கரைத்த நிறத்தில் பெட்ரோல் பாட்டில்கள் வரிசையாக நின்றன. தூக்கம் கலையாத கடைக்காரம்மா பாட்டிலோடு வந்து, ஜன்னலில் குனிந்து மகளைப் பார்த்தாள்.

“தலைச்சனா? பொட்டப்புள்ளதான், பாருங்க. பயப்படாதம்மா.”

பிறகு எல்லாம் கனவு மாதிரி. பனிக்குள்ளிருந்து எதிரே பேருந்துகள் வந்துகொண்டே இருந்தன, ஜன்னல்தோறும் அண்ணாமலையாரைப் பார்க்கப் போகிறவர்களின் தூங்கும் முகங்கள். நாங்கள் மட்டும் எதிர்த்திசையில் போனோம். எத்தனை ஊர் கடந்தோம் என்று தெரியாது. மகள் முனகும்போதெல்லாம் மச்சான் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தார். புதுச்சேரியில் ஆபரேஷன் அறைக் கதவு மூடியது. நெடுநேரம் கழித்துத் திறந்தது. பேத்தி.

இன்னும் ஏன் உலகம் பெட்ரோலை விடவில்லை என்று நான் படித்ததுண்டு. ஒரு பாட்டில் திரவத்துக்குள் மலை ஏறும் பலம் அடங்கியிருக்கிறது, டீ ஆறுவதற்குள் நிரப்பிவிடலாம், எந்த ஊரிலும் பழுது பார்க்க ஆள் உண்டு. எல்லாம் சரிதான். ஆனால் யாரும் தினமும் ஓட்டுவதற்காக மட்டும் கார் வாங்குவதில்லை. வரக்கூடாது என்று வேண்டிக்கொள்ளும் அந்த ஒரு நாளுக்காகவும் வாங்குகிறார்கள். அந்த நாளில் பெட்ரோல் ஒரு பெட்டிக்கடையில்கூடக் காத்திருக்கிறது.

போன மாதம் மின்சாரக் காரைக் கொடுத்துவிட்டுப் பெட்ரோல் கார் வாங்கினேன். கொடுத்தது யாருக்கு என்றால், மச்சானுக்கு. “கம்முனு போவுது மாப்ளே, சந்தைக்குப் போய்வர இது போதும்” என்று சொல்லி எடுத்துக்கொண்டார். அவருக்கு அந்த விடியற்காலை வெறும் ஒரு விடியற்காலை. எனக்கு அப்படியில்லை. இப்போதும் போனில் பேத்தி தும்முவது கேட்டால்கூடச் சாவியைத் தேடுகிறேன்.

புகுந்த வீட்டிலிருந்து வந்த மகளிடம் புது வண்டியைக் காட்ட வாசலில் ஸ்டார்ட் செய்தேன். இடுப்பில் குழந்தையோடு பின்பக்கம் நின்றிருந்தவள் சட்டென்று விலகி, துப்பட்டாவால் அதன் மூக்கை மூடினாள்.

“இவளுக்காகத்தான் வாங்கினேன்மா” என்றேன்.

“தெரியும்பா. மொதல்ல ஆஃப் பண்ணுங்க.”

அணைத்தேன். புகை கலையும்வரை அவள் துணியை எடுக்கவில்லை.