இடது பக்க சீட்டுல பன்னெண்டு வருசம்

எங்க வூட்டுக்காரருக்கும் செருப்புக்கடை பாய்க்கும் நடுவுல ரெண்டு மாசமா ஒரு வழக்கு ஓடிக்கினு இருந்துச்சு. கோர்ட்டு வழக்கு இல்ல, டீக்கடை வழக்கு. பாய் புதுசா ஒரு கார் வாங்கியிருந்தாரு. எங்ககிட்ட பன்னெண்டு வருசமா இருக்குற அதே சின்ன கார்தான். கம்பெனிக்காரன் அத மொத்தமா மாத்தி, புது டிசைன்ல போட்டிருந்தான். பேரு அதே பேரு, உருவம்தான் வேற. பழசு மாதிரி இதுவும் ஓட்டறதுக்கு ஜாலியா இருக்குமா இருக்காதா, இதான் வழக்கு.

எங்க வூட்டுக்காரரு மோட்டார் காயில் கட்டுறவரு. கள்ளக்குறிச்சியில பாய் கடைக்கு அடுத்த கடை. பம்புசெட்டு மோட்டார அவுத்துப் போட்டுக்கினு, "வண்டின்னா கைக்கும் காலுக்கும் வேல இருக்கணும் பாய். கிளட்ச்ச மிதிக்கணும், கியரு கடக்குன்னு வுழணும். உன் வண்டியில கிளட்ச்சே கெடையாது. அதுல உக்காந்துக்கினு நீ இன்னா பண்ற, வேடிக்க பாக்குற" அப்படிம்பாரு. பாய் சும்மா இருப்பாரா? "வேலதான் வேணும்னா மாட்டு வண்டி ஓட்டுங்கண்ணே. என் வண்டிய கொழந்தகூட ஓட்டும்" அப்படிம்பாரு. டீக்கடைக்காரரு அன்னைக்கு யாரு ஜாஸ்தி டீ சொல்றாங்களோ அவங்க பக்கம் பேசுவாரு.

என்ன யாரும் கேக்கல. கேக்கணும்னு யாருக்கும் தோணவும் இல்ல. அந்தப் பழைய வண்டியோட இடது பக்க சீட்டுல பன்னெண்டு வருசம் உக்காந்தவ நான். எனக்குத் தெரிஞ்ச விதி ஒண்ணுதான். ஓட்டுறவருக்கு எவ்வளவு ஜாலியோ, பக்கத்துல உக்காந்திருக்கிற எனக்கு அவ்வளவு வாந்தி.

சமவெளியில எனக்கு ஒண்ணும் ஆவாது. உளுந்தூர்பேட்டை போவட்டும், மெட்ராஸே போவட்டும், முறுக்கு தின்னுக்கினு வருவேன். கல்வராயன் மலை ஏறுனாத்தான் வயிறு தனியா ஒரு பாதையில போவும். எலுமிச்சம்பழம் மோந்து பாத்திருக்கேன். இஞ்சி மரப்பா வாயில அடக்கியிருக்கேன். நியூஸ்பேப்பர விரிச்சு அதுமேல உக்காந்தா வராதுன்னு எங்க ஸ்கூலுல கூட வேல பாக்குறவங்க ஒருத்தங்க சொன்னாங்க. உக்காந்தேன். பேப்பருதான் வீணாச்சு. மூணாவது கொண்டை ஊசி வளைவுல எனக்கு வரும்னு எங்க வூட்டுக்காரருக்கு மனப்பாடம். நான் டீச்சர்ன்றதால அந்த எடத்துக்கு 'டீச்சர் வளைவு'ன்னு பேரு வெச்சு, தெரிஞ்சவங்ககிட்டல்லாம் அடையாளம் சொல்லிக்கினு திரியறாரு.

அப்படியும் மாசத்துக்கு ஒருக்கா என்ன மலைக்கு இட்டுக்கினு போவாரு. அங்க மோட்டார் வேல இருக்குன்னு சொல்லிக்குவாரு. தனியா போங்களேன்னா, தனியா போனா ஜாலி இல்லையாம்.

இந்த லட்சணத்துலதான் எனக்குப் பதவி உயர்வு வந்துச்சு. இருவத்தாறு வருசம் டீச்சரா இருந்துட்டு இப்பத்தான் தலைமை ஆசிரியை. சந்தோசமா ஸ்டாஃப் ரூமுல லட்டு குடுத்து முடிச்சிட்டு ஊரு பேரப் பாத்தா, மலை மேல. வெள்ளிமலைக்குப் போற வழியில ஒரு பள்ளிக்கூடம். பன்னெண்டாவது படிக்கிற பொண்ண வுட்டுட்டு அங்கயே தங்க முடியாது. தெனம் ஏறணும், தெனம் எறங்கணும். புதன்கிழமைக்குள்ள போயி பொறுப்பு ஏத்துக்கணும். இல்லன்னா, எனக்கு வேணாம்னு எழுதிக் குடுத்துடணும். அப்புறம் அடுத்தது எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. எனக்கு அந்த நாற்காலி மேல ஆசை. ஆசப்பட்டதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல.

வூட்டுக்காரருகிட்ட சொன்னேன். தோசையிலேருந்து தலையத் தூக்காம, "எழுதிக் குடுத்துடு" அப்படின்னாரு.

"ஏங்க?"

"நீ மூணாவது வளைவே தாண்ட மாட்ட. அங்க போயி பெஞ்சு மேல படுத்துக்கினு இன்னா பாடம் நடத்துவ?"

அன்னைக்கு ரெண்டாவது தோசைக்கு நான் சட்னி வைக்கல. அவரு அத கவனிக்கவும் இல்ல. வெறுந்தோசையத் தின்னுக்கினே, ஞாயித்துக்கெழம வழக்கு முடிஞ்சிடும்னு சொன்னாரு. ரெண்டு வண்டியும் மலை ஏறுமாம். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்டிப் பாப்பாங்களாம். மேல போனதும் தீர்ப்பாம்.

"நானும் வரேன்" அப்படின்னேன்.

"நீ எதுக்கு?"

"என் பள்ளிக்கூடத்தப் பாக்க."

கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணை வரைக்கும் நல்லாத்தான் போனோம். நான் எங்க பழைய வண்டியில, அவரு பக்கத்துல. பாய் தன் புது வண்டியில பின்னாடி. ஏத்தம் ஆரம்பிச்சதும் எங்க வூட்டுக்காரருக்கு முகமே மாறிடும். நாப்பது ரூபா டிக்கெட்டுல ராட்டினம் ஏறுன பையன் மாதிரி ஆயிடுவாரு. கியர மாத்துறாரு, ஆரன் அடிக்கிறாரு, வளைவுல உள்பக்கமா ஒட்டித் திருப்புறாரு. "பாரு எப்படித் திரும்புது, பாரு எப்படித் திரும்புது" அப்படிங்கறாரு. நான் எதப் பாக்கறது? ரெண்டாவது வளைவுலயே கண்ண மூடிட்டேன்.

"கொஞ்சம் நிறுத்துங்க."

"ஏத்தத்துல நிறுத்தக் கூடாது. இழுவ போயிடும்."

பன்னெண்டு வருசமா இதே பதிலுதான். இழுவ போவல, என் மானம்தான் போச்சு. மூணாவது வளைவு, பிளாஸ்டிக் கவரு, எல்லாம் வழக்கப்படி. அவரு வலது கையால ஓட்டிக்கினே இடது கையால தண்ணி பாட்டில எடுத்துக் குடுத்தாரு. அதுல ஒரு பெருமை வேற.

நாலாவது வளைவுகிட்ட ரோடு அகலமா இருக்கும். அங்கதான் நிறுத்தி வண்டி மாத்திக்கினாங்க. பாய் எங்க பழச எடுத்துக்கினாரு. எங்க வூட்டுக்காரரு பாயோட புதுசுல ஏறுனாரு, நானும் ஏறுனேன். உள்ள புது வண்டி வாசன. வயித்துக்கு அது வேற.

கெளம்புன பத்தாவது செகண்டு. இவரு இடது காலு பழக்கதோசத்துல கிளட்ச்சத் தேடிச்சு. அங்க கிளட்ச்சு இல்ல, பிரேக்குதான் இருந்துச்சு. கிளட்ச்ச மிதிக்கிற மிதி மிதிச்சாரு. வண்டி அடிச்ச ஆணி மாதிரி நின்னுச்சு. பெல்ட்டு இல்லன்னா நான் கண்ணாடியில ஒட்டியிருப்பேன். திரும்ப எடுத்தாரு. திரும்ப மிதிச்சாரு. மூணு தடவ. அப்புறம் ஆக்சிலேட்டர மிதிச்சா வண்டி கொஞ்சம் யோசிச்சிட்டுத்தான் போவுது, எங்க ஆபீஸ் கிளார்க்கு மாதிரி. இவரு அதுக்குள்ள கோவப்பட்டு இன்னும் அமுக்குவாரு, அது திடீர்னு பாயும்.

"இதுல ஓட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல, சீ" அப்படின்னாரு.

ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம். சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். வாயத் தொறந்தது தப்பாப் போச்சு. ரெண்டாவது கவரும் காலி.

வண்டிய ஓரங்கட்டுனாரு. எனக்காக நிறுத்தல, பாயோட சீட்டு கவருக்கு பயந்து நிறுத்துனாரு. நான் எறங்கி பாலத்துக் கட்டையில உக்காந்தேன். பின்னாடி வந்த பாய் எறங்கி ஓடியாந்து மொதல்ல சீட்டப் பாத்தாரு, அப்புறம் என்னப் பாத்தாரு. எழுதிக் குடுக்கற லெட்டர எப்படி ஆரம்பிக்கறதுன்னு என் மனசுல வாக்கியம் ஓடுது. மதிப்பிற்குரிய அய்யா, எனது உடல்நிலை காரணமாக. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. வாந்தியால வந்ததுன்னு நெனச்சுக்கட்டும்னு வுட்டுட்டேன். இவங்க ரெண்டு பேரும் என் தலைக்கு மேல, ஸ்டியரிங் பழசுல கனமா புதுசுல லேசான்னு பேசிக்கினு இருந்தாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம்.

"பாய், உங்க வண்டிய கொழந்தகூட ஓட்டும்னீங்க இல்ல?"

"ஆமாங்க டீச்சரம்மா."

"சாவியக் குடுங்க."

பாய் சிரிச்சாரு. நான் சிரிக்கலன்னதும் நிறுத்திட்டாரு. மூணு வருசத்துக்கு முன்னாடி மே லீவுல டிரைவிங் ஸ்கூல்ல சேந்து நான் லைசென்ஸ் எடுத்தவ. பைபாஸுல ஒரு மாசம் ஓட்டியிருக்கேன். வூட்டு வண்டிய மட்டும் இவரு தொடவுட மாட்டாரு, அதுக்கு இவரு காலுதான் பழக்கமாம். "மலையில ஓட்டறது வேற. ரோட்டுல நின்னுக்கினு வம்பு பண்ணாத" அப்படின்னாரு. நான் அவரப் பாக்கவே இல்ல. பாயத்தான் பாத்துக்கினு இருந்தேன். டீக்கடையில ரெண்டு மாசமா சொன்ன வார்த்தைய மலையில வந்து எப்படி மாத்துவாரு? வாயக் குடுத்து மாட்டிக்கினாரு. வண்டி வாங்கி எழுவது நாளுதான் ஆச்சு. "மெதுவா டீச்சரம்மா" அப்படின்னு சாவியக் குடுத்தாரு. அவரு கை சாவிய வுட்டதா தெரியல, நான்தான் புடுங்கினேன்.

வூட்டுக்காரரு இடது பக்கம் உக்காந்தாரு. அந்தப் பக்கம் எப்படி உக்காரணும்னே அவருக்குத் தெரியல. பெல்ட்ட எந்தத் தோள்லேருந்து இழுக்கறதுன்னு தேடுனாரு.

வண்டிய எடுத்தேன். மெதுவாத்தான். பின்னாடி பாய் எங்க பழைய வண்டியில வந்துக்கினு, ஒவ்வொரு வளைவுக்கும் எனக்கு முன்னாடியே ஆரன் அடிச்சிக்கினு வராரு. வழி கேட்டு அடிக்கல, உயிரு கேட்டு அடிக்கிறாரு. ஆறாவது வளைவு வந்துச்சு. வயிறு இப்ப வேலையக் காட்டும்னு காத்துக்கினே திருப்புனேன். காட்டல. ஏழாவது. ஒண்ணும் இல்ல. எட்டாவது வளைவுல கெவுருமெண்டு பஸ்ஸு மேலேருந்து எறங்குது. ஏறுற வண்டிக்குத்தான் மொதல்ல வழின்னு டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க. நான் நவுரல. டிரைவரு என்னப் பாத்தாரு, எங்க வூட்டுக்காரரப் பாத்தாரு, அவரு கும்புடு போட்டத பாத்துட்டு பஸ்ஸ ஓரங்கட்டுனாரு.

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. வளைவு எங்க வருதுன்னு என் கைக்கு முன்னாடியே தெரியுது. கைக்குத் தெரிஞ்சா வயித்துக்கும் தெரிஞ்சிடுது போல. ஸ்டியரிங்கத் திருப்புறேன், வண்டி திரும்புது, மரமெல்லாம் ஒரு பக்கமா நவுருது, அந்தாண்ட பள்ளத்துல அணைத் தண்ணி தெரியுது. இத்தன வருசமா இந்த மலையில இவ்வளவு இருந்திருக்கு, நான் கவருக்குள்ளயே பாத்துக்கினு இருந்திருக்கேன். ஜாலியா இருந்துச்சு. சத்தியமா அவ்வளவு ஜாலியா இருந்துச்சு. வாய்விட்டுச் சிரிச்சேன். "பாருங்க எப்படித் திரும்புது" அப்படின்னேன்.

திரும்பிப் பாத்தா, மனுசன் கண்ண மூடிக்கினு இருக்காரு. நெத்தியில வேர்வ. தாடைய இறுக்கிக்கினு, கதவு மேல இருக்குற கைப்பிடியப் புடிச்சிக்கினு.

"ஏங்க?"

"ஒண்ணுமில்ல. ஓட்டு."

அடுத்த வளைவு.

"கொஞ்சம் நிறுத்து."

நிறுத்துனேன். ஏத்தம்தான். இழுவையும் போவல, எதுவும் போவல. கதவத் தொறக்கறதுக்குள்ள என்கிட்ட மிச்சமிருந்த கவர நீட்டுனேன். தலவலியும் காச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு பெரியவங்க சொன்னாங்க. அவங்க மலை ஏறல போல, வாந்தியச் சேக்க வுட்டுட்டாங்க.

பள்ளிக்கூடம் பத்து நிமிசத்துல வந்துச்சு. ஞாயித்துக்கெழமன்றதால கேட்டு பூட்டியிருந்துச்சு. ரெண்டு கிளாஸ் ரூமு, ஒரு பலா மரம், குழாயில நல்ல தண்ணி. வெளிக் குழாயில அவரு வாயக் கொப்புளிச்சு, மூஞ்சி கழுவிக்கினு கேட்டு முன்னாடி படியில உக்காந்தாரு. கிண்டல் பண்ணணும்னு எனக்கு நாக்கு துடிச்சுது. இந்த எடத்துக்கு இன்னா பேரு வெக்கலாம்னு கூட யோசிச்சு வெச்சிருந்தேன். அதுக்குள்ள அவரு தரையப் பாத்துக்கினே கேட்டாரு.

"இத்தன வருசமா இப்படித்தான் இருந்துச்சா உனுக்கு?"

கிண்டலெல்லாம் போயிடுச்சு.

"இத வுட ஜாஸ்திங்க. நீங்க நிறுத்தச் சொன்னீங்க, நான் நிறுத்துனேன்."

அவரு திரும்பவும் போயி குழாயத் தொறந்து மூஞ்சியக் கழுவுனாரு. கழுவி முடிக்க ரொம்ப நேரமாச்சு.

ஏத்தத்துல பின்தங்கியிருந்த பாயும் வந்து சேந்தாரு. தன் வண்டிய நாலு பக்கமும் சுத்திப் பாத்து, ஒரு கீறலும் இல்லன்னு தெரிஞ்சதும்தான் அவருக்குப் பேச்சு வந்துச்சு. "சொல்லுங்கண்ணே, தீர்ப்பு இன்னா? ஓட்டறதுக்கு எது ஜாலி, பழசா புதுசா?"

"என்ன ஏன் பாய் கேக்குற? டீச்சரக் கேளு."

ரெண்டு பேரும் என்னப் பாத்தாங்க. ரெண்டு மாசத்துல மொத தடவையா என்னக் கேக்குறாங்க. நான் டீச்சரு, பாதி பேப்பரத் திருத்திட்டு மார்க்கு போட மாட்டேன். "புதுசு ஓட்டிட்டேன், நல்லா இருக்கு. பழச நான் ஓட்டுனதே இல்லையே, எப்படிச் சொல்றது?" அப்படின்னேன்.

எழுதிக் குடுக்கற பேச்ச அதுக்கப்புறம் யாரும் எடுக்கல. எங்க வூட்டுக்காரரு பாய் கையிலேருந்து எங்க பழைய வண்டி சாவிய வாங்கி எங்கிட்ட குடுத்தாரு. "கிளட்ச்சு கொஞ்சம் மேல புடிக்கும், பாத்துக்க" அப்படின்னாரு. பாயோட வண்டியில எறங்கியிருந்தா அவருக்குத் தேவல, பாய் மெதுவாத்தான் ஓட்டுவாரு. நான் எப்படி எறக்குவேன்னு எனக்கே தெரியாது. அவரு போயி எங்க வண்டியோட இடது பக்கக் கதவத் தொறந்து, உள்ள உக்காந்து, பெல்ட்டப் போட்டுக்கினாரு.