பதினான்கு நாள் அறிவித்தல்

ஞானக்காவின் மரணச் செய்தியைக் கொண்டுவந்தவர் எங்கள் தொடர்மாடிக்குக் காவலிருக்கும் வோச்சர் சுனில். காலை ஏழரை இருக்கும். தண்ணீர்த் தொட்டி கழுவும் நாளைப் பற்றி நான் ஓர் அறிவித்தல் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் கதவடியில் நின்றபடியே, "மாத்தையா, ஞானா நோனா போயிட்டாங்க. ஆஸ்பத்திரியில இருந்து கோல் வந்திச்சி," என்றார். வெறும் காய்ச்சல் என்றுதான் அக்கா போயிருந்தார். திரும்பி வந்ததும் கொடுக்கலாம் என்று அவருக்கு வந்த கடிதங்களை என் மேசையில் எடுத்து வைத்திருந்தேன்.

அக்காவை அறிந்த உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொழும்பு வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், எங்கள் ஏழு மாடிக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருந்தவர். காணிப் பதிவகத்தில் எழுதுவினைஞராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். பல வருடங்கள் எங்கள் நிர்வாகக் குழுவின் செயலாளர். உங்களில் பலர் அவரை "றூல் அக்கா" என்று கேலி செய்தீர்கள். நானும்தான் செய்தேன்.

எங்கள் லிப்ற்றில் சவப்பெட்டி ஏறாது. படிக்கட்டின் திருப்பமும் குறுகல். ஆகவே ஒருவர் இறந்தால் கீழ்த்தள மண்டபத்தில் வைத்தால்தான் வீட்டுக்குக் கொண்டுவந்ததாகும். முன்பெல்லாம் அதைக் குழு ஆளைப் பார்த்துத் தீர்மானித்தது. ஒரு டொக்டரின் தாய்க்கு மண்டபம் திறந்தது. அதே மாதம் முதலாம் மாடியில் வாடகைக்கு இருந்த தையற்காரர் செல்வத்தின் மனைவி இறந்தார். செல்வம் குழுவின் முன் வந்து நின்று கேட்டார். கல்யாணக் காலம், மண்டபம் தர வசதிப்படாது என்றார்கள். அந்தக் கூட்டம் முடிந்த கையோடு அக்கா உபவிதியை எழுதினார்: எவருடைய உடலும் மண்டபத்தில் வைக்கப்படமாட்டாது. லிப்ற்றுக்குப் போக அந்த மண்டபத்தைத் தவிர வேறு வழி இல்லை என்பதால் எல்லோருக்கும் திறப்பது முடியாத காரியம். ஆகவே எல்லோருக்கும் மூடினார். "ஆர் எவர் எண்டு தெரியிறதுக்கு முந்தி எழுதவேணும் தம்பி. தெரிஞ்ச பிறகு எழுதினா அது றூல் இல்லை, முகத்தாட்சணை," என்று பிறகு என்னிடம் சொன்னார்.

சில வருடங்களில் என் அப்பா போனார். அவர் கொழும்பில் உழைத்து வாங்கிய ஒரே வீடு இதுதான். நான் அக்காவின் கதவைத் தட்டினேன்.

"ஏலாது தம்பி."

"ரெண்டு மணித்தியாலம் அக்கா."

"ரெண்டு நிமிசமும் ஏலாது. செல்வத்தாரின்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?"

"உங்கட வீட்டிலயும் ஒரு நாள் சா விழும்," என்றேன். அப்படிச் சொன்னதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். "ஓம், விழும்," என்றார் அவர்.

அப்பாவின் உடலை, அஞ்சலி மண்டபம் வாடகைக்குத் தரும் ஒரு மலர்ச்சாலையில் வைத்தோம். அக்கா காலையில் வந்தவர், பின்னேரம் பெட்டி எடுக்கும்வரை நின்று, வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தார். நான் அவர் கையால் வாங்கிக் குடிக்கவில்லை. ஒரு வருடம் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவும் இல்லை.

அந்த வருட முடிவில், விதியை மாற்றவேண்டும் என்று குழுவுக்கு எழுதினேன். கடிதம் பென்சில் குறிகளோடு திரும்பி வந்தது. "பதினான்கு முழு நாள் அறிவித்தல் வேண்டும். உங்கள் கணக்கில் ஒரு நாள் குறைகிறது. இப்படியே விட்டால் யாரும் தள்ளுபடி செய்யலாம்," என்று அக்கா ஓரத்தில் எழுதியிருந்தார். என் வாசகத்தையும் நான் எழுதியதைவிடத் தெளிவாகத் திருத்தியிருந்தார். கூட்டத்தன்று போதிய ஆட்கள் சேரவில்லை. அக்காவே மாடி மாடியாக ஏறிக் கதவு தட்டினார். மூன்றாம் மாடி ஹாஜியார் சிரித்துக்கொண்டு வந்தார். "என்ன ஞானம்மா, நீங்க வேணாண்டு சொல்ற விஷயத்துக்கு நீங்களே ஆள் சேர்க்கிறீங்க?"

"வேண்டாம் எண்டு சொல்லுறதுக்கும் ஆக்கள் வேணும் ஹாஜியார்."

இருபத்தேழு பேர் இருந்தோம். மூன்றில் இரண்டு பங்கு, அதாவது பதினெட்டுக் கைகள் வேண்டும். எண்ணும் பொறுப்பை அக்கா என்னிடமே தந்தார். இரண்டு தரம் எண்ணினேன். பதினேழு. அக்காவின் கை அவர் மடியில் கிடந்தது.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, "கோவமோ?" என்றார்.

"ஓம்."

"இருக்கட்டும். கோவத்திலயும் ஒழுங்காக் கை எண்ணினியள். என்ர இடத்துக்கு நீங்கள் வாங்கோ."

அடுத்த வருடம் நான் செயலாளரானேன். அவர் இறந்த அன்றும் நான்தான் செயலாளர்.

ரொறன்ரோவிலிருந்து அவருடைய மகன் பிரதீபன் அழைத்தார். "அண்ணா, நான் வந்துசேர நாளையிண்டைக்கு ஆகும். அம்மாவை ஹோலில ஒரு மணித்தியாலம் வைக்கலாம்தானே? அவ எழுதின றூல். அவவுக்கு ஆர் தடை சொல்லப்போகினம்?"

ஒருவரும் தடை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. குழுவில் எல்லோரும் சம்மதித்தார்கள். ஹாஜியார் நாற்காலிகள் தருவதாகச் சொன்னார். செல்வமே என்னைத் தேடி வந்தார். "வைங்க ஐயா. என்னை நெனச்சி யோசிக்காதீங்க," என்றார். விதியை மாற்றப் பதினான்கு நாள் வேண்டும். அக்காவுக்கு மூன்று நாள்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு திறந்துவிட்டிருக்கலாம். ஆனால் அவருக்குத் திறந்தால், என் அப்பாவை வாசலில் மறித்தது விதி இல்லை, ஞானக்கா என்றாகிவிடும். செல்வத்தின் மனைவிக்குப் பிறகு அவர் கட்டிக் காத்தது முழுவதும் வெறும் பிடிவாதம் என்றாகிவிடும். நான் பிரதீபனுக்கு இல்லை என்றேன். மறுமுனையில் அவர் அழுவது கேட்டது.

கனத்தை மயானத்துக்குப் போகும் வழியில், எங்கள் ஒழுங்கையால் போகவேண்டும் என்று பிரதீபன் கேட்டார். அதைத் தடுக்க எனக்கு விருப்பமும் இல்லை, அதிகாரமும் இல்லை. வாகனம் கட்டடத்தின் முன் நின்றது. குடியிருப்பாளர் எல்லோரும் தெருவில் நின்றோம். பெட்டியை மண்டபத்துக்குள் எடுப்பார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, சுனில் கேற்றைத் தள்ளித் திறக்கத் தொடங்கினார்.

"எபா சுனில்," என்றேன். வேண்டாம்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மூடினார். வாகனம் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுப் புறப்பட்டது. யாரோ ஒரு பெண் என் காதில் விழும்படியே "கல்நெஞ்சன்" என்றார்.

பிரதீபன் இன்னும் ஐந்து நாள் இங்கே இருந்தார். காலையிலும் பின்னேரத்திலும் அவரும் நானும் ஒரே லிப்ற்றில் ஏறி இறங்கினோம். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. சொல்ல எனக்கு நிறைய இருந்தது. அவருக்கு வழி விட்டு, மூலையில் ஒதுங்கி நின்றேன். நான் முகம் கொடுக்காத அந்த ஒரு வருடம் முழுவதும் ஞானக்கா இதே லிப்ற்றில் என் பக்கத்தில் அப்படித்தான் நின்றிருக்கிறார். அவர் எனக்கு விட்டுப்போனது அந்த மூலைதான்.